காது கேட்காத சிறுநீரகம்

நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்குச் சிறுநீர் பார்க்கும் மெஷின் வந்திருக்கிறது. ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து அதன் வாயில் வைத்தால், நிமிஷத்தில் பத்து விஷயங்களை அச்சடித்துத் தள்ளிவிடுகிறது. அங்கே இப்போது வேலை செய்யும் பெண்கள் என்னை அழைத்துப் போய்க் காட்டினார்கள். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுத்தார்கள். "அக்கா, நீங்கல்லாம் இத எப்படித்தான் கையாலயே பாத்தீங்க? எழுதிக் குடுங்கக்கா, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுறோம்" என்றாள் ஒருத்தி. நோட்டீஸ் போர்டில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கமாகப் பேச எனக்கு எப்போதும் வந்ததில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சரோஜா. லேப் டெக்னீஷியனாக முப்பத்து நான்கு வருஷம் இருந்தேன். பெரும்பகுதி பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே இருந்த ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம், என் தப்பையும் இதில் எழுதப் போகிறேன். திருச்சியில் ஒரு வருஷம் படித்தேன். அங்கே கற்றதில் இரண்டுதான் மனதில் நிற்கிறது. மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தால் மறு கண்ணை மூடக் கூடாது. பிபெட்டை வாயால் உறிஞ்சும்போது யாராவது ஜோக் சொன்னால் சிரிக்கக் கூடாது. மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றதுதான்.

தொண்ணூற்றைந்தில் பெரம்பலூர் தனி மாவட்டமானது. பிறகு அரியலூர் பிரிந்தது, திரும்பச் சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் ரிப்போர்ட் தாளின் தலைப்பில் மாவட்டத்தின் பெயரை அடித்து எழுதுவது என் வேலை. மாறாமல் இருந்தது எங்கள் தண்ணீர்தான். பூமிக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் வெள்ளையாக ஆடை மாதிரி மிதக்கும், அடியில் படியும். பரிசோதனைக்கு வேண்டிய டிஸ்டில்டு வாட்டரை நாங்களே காய்ச்சி இறக்குவோம். அந்தப் பாத்திரத்தின் ஹீட்டர் கம்பியில் படிந்த சுண்ணாம்பைச் சனிக்கிழமைதோறும் சுரண்டிச் சுரண்டி என் நகமெல்லாம் போயிற்று. அந்தத் தண்ணீரைத் திட்டாத வாரம் கிடையாது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்க மாட்டார்கள். சிறுநீர் பிடித்து வா என்றால் இருமல் மருந்து வாங்கிய பெரிய பாட்டிலைக் கழுவி எடுத்து வருவார்கள். அது கால்வாசிதான் நிரம்பியிருந்தால், கொறச்சலாக இருந்தால் சரியாகப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்து, வாசல் குழாயில் பிடித்துக் கழுத்துவரை நிரப்பிவிடுவார்கள். பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். "தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்பேன். "கொஞ்சூண்டுதாம்மா" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கொட்டிவிடுவேன். வருஷக்கணக்கில் இப்படிக் கொட்டிக் கொட்டி, என் கண்ணுக்குத் தப்பே வராது என்கிற திமிர் எனக்கு வந்துவிட்டது. எனக்கு வாயும் நீளம். லேபுக்கு முன்னால் நிற்கிற வரிசை என் சத்தத்துக்குப் பயந்தே நேராக நிற்கும்.

இந்தத் திமிரோடு நான் இருந்த காலத்தில்தான் குழந்தைகள் டாக்டராக ஜமீலா மேடம் வந்து சேர்ந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். திருச்சிக்காரர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். ரிப்போர்ட்டில் ஏதாவது உறுத்தினால் நம்மைக் கூப்பிட்டுத் திட்டுகிற பழக்கமும் கிடையாது. அந்தத் தாளின் ஓரத்தில் பச்சை மையில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். நாம் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனால் ஒரே கேள்விதான். "கண்ணால பாத்தீங்களா சரோஜாக்கா, இல்ல நெனச்சுக்கிட்டீங்களா?" திட்டுகிற டாக்டரிடம் பதிலுக்குச் சண்டை போடலாம். இவரிடம் அதற்கு வழியே இல்லை. எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு, அக்கினி நட்சத்திர வெயில். ஒரு பெண் வரிசையில் வந்தாள். இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. பெயர் தமிழரசி. ஆலத்தியூர்ப் பக்கம் வாக்கப்பட்டவள். கணவன் ராசேந்திரன் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவன். அவள் கையில் ஜமீலா மேடத்தின் சீட்டும் ஒரு பெரிய பாட்டிலும் இருந்தன. பையனுக்கு வயது இரண்டு, பெயர் தினேஷ், எடை கூடவில்லை, அடிக்கடி காய்ச்சல், சிறுநீர் பார்க்கவும் என்று சீட்டில் எழுதியிருந்தது. பாட்டிலைத் தூக்கினேன். நிறமே இல்லை, வாசனையும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை முக்கால் பாட்டில் கொடுத்திருக்கிறதாம்! இரண்டு வயதுப் பிள்ளையிடம் இரண்டு ஸ்பூன் வாங்குவதற்கே நாங்கள் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் காட்டுவோம்.

"ஏம்மா, குழாயடியில புடிச்சியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவன்தான் விட்டான்."

நான் கொட்டிவிட்டு, நாளைக்குக் காலையில் ஒழுங்காகப் பிடித்து வா என்று அனுப்பினேன். மறுநாள் அதே பாட்டில், அதே நிறமின்மை. இந்த முறை கழுத்துவரை இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "ஆஸ்பத்திரிய என்னன்னு நெனச்ச? பச்சத் தண்ணியப் புடிச்சுக்கிட்டு வந்து நாங்க பாத்துக் குடுக்கணுமா? புள்ள மேல அக்கறை இருந்தா இப்படிச் செய்வியா?" என்று கத்தினேன். அந்தப் பெண் பாட்டிலை மேசையில் வைத்தாள். "அவருந்தான் நான் பொய் சொல்றேங்கறாரு. நீங்களுமாக்கா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ரிப்போர்ட்டில் 'தண்ணீர் கலந்த மாதிரி, ஏற்கத்தக்கதல்ல' என்று அழகாக எழுதி அனுப்பினேன். கூட்டம் அதிகமாக இருந்ததால் பாட்டிலைக் கொட்ட மறந்துவிட்டேன். அந்த மறதிக்கு இன்றுவரை நான் நன்றி சொல்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குத் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சைக் கேள்விக்குறி. நான் விறுவிறுவென்று மேடத்தின் அறைக்குப் போனேன்.

"கண்ணால பாத்தீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?"

"பாக்க என்ன இருக்கு மேடம்? பாத்தாலே தெரியுது, பச்சத் தண்ணி."

"கொட்டிட்டீங்களா?"

"இல்ல, இருக்கு."

"அப்போ தண்ணிதான்னு எனக்கு நிரூபிச்சுக் காட்டிடுங்க. நானும் நம்பிடறேன்" என்றார். கிண்டலே இல்லாமல் சொன்னார்.

காட்டுகிறேன் பார் என்று வந்தேன். முதலில் யூரினோமீட்டர். சொல்லிவிடுகிறேன், இப்போதைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கனமான அடிப்பாகமும் மெல்லிய கழுத்தும் உள்ள கண்ணாடி மிதவை அது. கழுத்தில் கோடுகள் இருக்கும். உயரமான கண்ணாடிக் குழலில் சிறுநீரை ஊற்றி, நுரையைத் துடைத்து, மிதவையை லேசாகச் சுழற்றி விட வேண்டும். ஓரத்தில் ஒட்டாமல் நின்றதும், கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் குனிந்து கோட்டைப் படிக்க வேண்டும். கெட்டியான சிறுநீரில் மேலே மிதக்கும், நீர்த்ததில் முங்கும். டிஸ்டில்டு வாட்டரில் விட்டேன், 1.000. மிதவை சரி. தமிழரசியின் பாட்டிலில் விட்டேன், 1.002. எனக்கு ஒரே சந்தோஷம். தண்ணீர்தான்!

ஆனால் கெட்டிக்காரத்தனம் போதாதென்று இன்னொன்றும் செய்தேன். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக்குழாயின் மேல்பாதியை விளக்கில் காட்டிக் காய்ச்சுவது வழக்கம். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வெள்ளையாகக் கலங்கும். அதையே சாட்சியாக மேடத்தின் மேசையில் வைத்துவிடலாம் என்று இரண்டு சோதனைக்குழாய்களை எடுத்தேன். ஒன்றில் வாசல் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவள் கொடுத்தது. இரண்டையும் ஸ்பிரிட் விளக்கில் காட்டி நன்றாகக் கொதிக்கவிட்டேன்.

குழாய்த் தண்ணீர் கலங்கி, மேலே வெள்ளைப் பொடி மிதந்தது. தமிழரசி கொடுத்தது கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு துளி வெள்ளை கிடையாது. கண்ணாடி மாதிரி இருந்தது.

நான் மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். எங்கள் ஊரில் எந்தக் குழாயில், எந்தக் கிணற்றில் பிடித்திருந்தாலும் அது கலங்கியிருக்க வேண்டும். ஆகவே அவள் எங்கும் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் விட்டிருக்கிறான். ஒரு குழந்தையின் உடம்பிலிருந்து அவ்வளவு தண்ணீர், தண்ணீராகவே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இருபது பேர் முன்னால் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என்னையே அறைந்தது.

இரண்டு சோதனைக்குழாய்களையும் கையில் பிடித்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுண்ணாம்பு சாட்சி சொல்லிடுச்சு" என்றார். பிறகு அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, இந்த வெயில்ல இவ்வளவு தண்ணி வெளிய போகுது. அந்த வூட்ல யாராவது 'ரொம்பக் குடிக்கறான்'னு தண்ணிய நிறுத்தியிருந்தா, புள்ள தாங்க மாட்டான். இன்னிக்கே வந்தாகணும்."

விலாசம் என்று சீட்டில் ஊர் பெயர் மட்டும்தான். ஆஸ்பத்திரி வேனைக் கேட்டால் டிரைவர் லீவு. நான் கத்தி விரட்டியவளை நானே போய்க் கூப்பிடுவதுதான் முறை என்று பட்டது. இரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன். கல் லாரிகளின் புழுதிக்குள் அந்த பஸ் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. லாரிக்கார ராசேந்திரன் வீடு என்றதும் காட்டிவிட்டார்கள்.

வீட்டில் பையன் பாயில் கிடந்தான். உடம்பு கொதித்தது, உதடு வெடித்திருந்தது. அப்படியும் பாய் நனைந்திருந்தது. ஈரமான தாவணித் துண்டு ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர்ப் பானையைக் காணோம். அதைத் தூக்கிப் பரண்மேல் வைத்திருந்தான் ராசேந்திரன். கெட்டவன் இல்லை, பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவன். "மேடம், ரா பகல்னு இல்லாம மோண்டுக்கிட்டே கெடக்கறான். குடிச்சாத்தானே மோளுவான்? இவ எனக்குத் தெரியாம குடுத்துக் குடுத்துத்தான் இப்படி ஆவுது. நேத்துலேருந்து அளவாத்தான் குடுக்கறோம்" என்றான். தமிழரசி என்னைப் பார்த்ததும் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள், இன்னும் திட்ட வந்திருக்கிறேன் என்று.

"அது தண்ணி இல்லம்மா. நீ சொன்னதுதான் நெசம்" என்றேன். "பானைய எறக்குங்க முதல்ல."

லாரியிலேயே கிளம்பினோம். நானும் தமிழரசியும் பையனோடு முன்னால் உட்கார்ந்தோம். தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பாதி வழியில் அவன் கண் மேலே சொருகிக்கொண்டது, கை கால் வெட்டி இழுத்தது. "ஐயோ, எங்க அம்மாவுக்குப் போன மாதிரியே எனக்கும் போவுதே" என்று அலறினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. ராசேந்திரன் வண்டியைப் பறக்கவிட்டான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. வலிப்புக்கு ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் வழக்கப்படி சலைன் பாட்டிலை எடுத்தபோது மேடம் தடுத்துவிட்டார். "அதுவும் உப்புத் தண்ணி. உள்ள எவ்வளவு உப்பு இருக்குன்னு தெரியாம ஏத்தக் கூடாது. சரோஜாக்கா நம்பர் சொன்னதும்தான் பாட்டில் தொங்கும்" என்றார். காலையில் ஒரு பொய் ரிப்போர்ட் எழுதியவளின் நம்பருக்காக அந்த அறையில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

ரத்தத்தில் சோடியம் பார்க்க அப்போது எங்களிடம் பிளேம் போட்டோமீட்டர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சமையலறையில் கேஸ் அடுப்பின் மேல் உப்புத் தண்ணீர் தெறித்தால் நீலத் தீ மஞ்சளாகுமே, அதே கதைதான். எவ்வளவு மஞ்சள் என்பதை அந்த மெஷின் அளந்து சொல்லும். ரத்தத்தைச் சுழற்றித் தெளிவைப் பிரித்து, நூறு மடங்கு டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, முதலில் 140 என்று தெரிந்த கரைசலை உறிஞ்சவிட்டு முள்ளைச் சரிசெய்தேன். பிறகு பையனுடையது. தீ சட்டென்று அடர்மஞ்சளாக எழுந்தது. 166. நல்ல உடம்பில் 140 பக்கம்தான் இருக்கும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து, 140-ஐ மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை பார்த்தேன். 165.

"நூத்தி அறுபத்தஞ்சு மேடம்."

அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் நானே சொன்னேன். "கண்ணால பாத்தேன். ரெண்டு தடவ."

சலைன் பாட்டில் அலமாரிக்கே திரும்பிப் போயிற்று, உப்பில்லாத குளுக்கோஸ் பாட்டில் வெளியே வந்தது. வேகமாக ஏற்றினால் மூளை வீங்கிவிடும் என்று சொட்டுச் சொட்டாக, இரண்டு நாள் இறக்கினார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சோடியம் பார்த்தேன். 161, 157, 152. மூன்றாம் நாள் காலையில் 146 வந்தபோது, பையன் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி" என்றான். அவன் வாயில் வந்த அந்த ஒரு சொல்லைக் கேட்டு வார்டே சிரித்தது. தமிழரசி அழுதாள். நானும்தான், வெட்கமென்ன.

ஆனால் காரணம் தெரியவில்லையே. மேடம் திருச்சியிலிருந்து ஒரு மூக்குச் சொட்டு மருந்து வரவழைத்தார். ஐஸ் நிரப்பிய தெர்மாஸில் பஸ்ஸில் வந்தது. தண்ணீரைத் திரும்ப எடுக்கச் சொல்லி மூளையிலிருந்து சிறுநீரகத்துக்கு வருகிற ஹார்மோனின் நகல் அது. அந்த ஹார்மோன்தான் குறை என்றால், மருந்து போட்டதும் சிறுநீர் கெட்டியாக வேண்டும். காலை எட்டு மணிக்குப் போட்டார்கள். மணிக்கொரு தடவை தினேஷ் தாராளமாகக் கொடுத்தான், நான் கண்ணாடி மிதவையோடு குனிந்தேன். 1.002, 1.003, 1.002, 1.003. நான்கு மணிவரை அதேதான். மிதவை ஏறவே இல்லை.

கடைசி நம்பரைக் கொண்டுபோனபோது மேடம் ஒரு பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் நீண்ட குழாய் ஒன்றை வளைத்து வளைத்து வரைந்தார். இத்தனை வருஷமாகச் சிறுநீர் பார்க்கிறோம், அது வருகிற இடத்தை யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

"சிறுநீரகத்துல இந்த மாதிரிக் குழாய் லட்சக்கணக்குல இருக்குக்கா. ரத்தத்துல எல்லா ஹார்மோனும் எல்லா எடத்துக்கும் போவுது. ஆனா எல்லா செல்லும் எல்லாத்தையும் கேக்காது. ரிசெப்டர்ங்கறது செல்லோட காது மாதிரி. எந்த செல்லுக்கு எந்த ரிசெப்டர் இருக்கோ அது அதத்தான் கேக்கும். இங்க மேல இருக்கற செல்லு பாராதைராய்டு ஹார்மோன் சொல்றத கேட்டு பாஸ்பேட்ட வெளிய விடும். கீழ வந்தா, உப்ப புடிச்சு வைக்கச் சொல்ற ஹார்மோனுக்குக் காது. நம்ம தண்ணி ஹார்மோனுக்கு முக்கியமா காது இருக்கறது இந்தக் கடைசிக் குழாயில. அதுலயும் செல்லோட ரத்தப் பக்கத்துல. ஹார்மோன் அங்க வந்து ஒக்காந்தா, செல்லுக்குள்ள இருக்கற தண்ணிக் கதவெல்லாம் நகந்து எதிர்ப்பக்கம், சிறுநீர் ஓடற பக்கம் போய் நிக்கும். அது வழியா தண்ணி உள்ள வந்து ரத்தத்துக்குத் திரும்பிடும்."

"இவனுக்கு?"

"ஹார்மோன் இருக்கு, கதவும் இருக்கு. அந்தக் காதுதான் இல்ல. செல்லு அத தப்பாச் செஞ்சு, மேல அனுப்பாம உள்ளயே வச்சிருக்கலாம். அதான் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேக்கல."

தமிழ்ப் புத்தகங்களில் ரிசெப்டரை 'ஏற்பி' என்று எழுதுகிறார்கள். எனக்கு மேடம் சொன்ன காதுதான் பிடித்திருக்கிறது. லாரியில் தமிழரசி அலறியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். திருமழபாடியில் பிறந்தவள். அவளுக்குப் பின் பிறந்த இரண்டு தம்பிகளும் ஒரு வயது தாண்டாமல் காய்ச்சல், வலிப்பு என்று போய்விட்டார்கள். கொள்ளிடக் கரையில் இருந்துகொண்டு தண்ணீர் இல்லாமல் பிள்ளைகள் செத்திருக்கின்றன. அவளும் தங்கையும் மட்டும் நன்றாக இருந்தார்கள். மேடம் தலையை ஆட்டினார். இந்தக் குறை தாய் வழியில் வரும், பெண்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்றார். "உங்க தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீங்க ஒளிச்சு ஒளிச்சுத் தண்ணி குடுத்தீங்க பாருங்க, அதுலதான் இவ்வளவு நாள் புள்ள உசுரோட இருந்தான்."

அவன் அப்பாவுக்குத்தான் புரியவைக்க வேண்டியிருந்தது. "தண்ணி குடுத்தா மறுபடி மோளுவானே மேடம்" என்று நின்றான் ராசேந்திரன். மேடம் கேட்டார்: "உங்க லாரி ரேடியேட்டர்ல ஓட்ட. தண்ணி ஒழுகுது. ஒழுகுதேன்னு ஊத்தறத நிறுத்திட்டு வண்டிய ஓட்டுவீங்களா?" "இஞ்சின் போயிரும்" என்றான். பிறகு மனைவி பக்கம் திரும்பவே முடியாமல் வெளியே போய் நின்றான். அன்று சாயங்காலம் ஒரு பெரிய எவர்சில்வர் கூஜா வாங்கிவந்து பையனின் தலைமாட்டில் வைத்தான்.

மருந்துச் சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீக்கக்காரர்களுக்குச் சிறுநீர் நிறையப் போவதற்குக் கொடுக்கிற மாத்திரையை எழுதியிருந்தார். "மேடம், இது மூத்திரம் போவறதுக்கு இல்ல குடுப்பாங்க?" என்றேன். இந்த முறை கேள்விக்குறி போட்டது நான்! அவர் சிரித்தார். மறுபடி அந்தப் படம் வந்தது. "இந்த மாத்திரை நடுக் குழாயில உப்பக் கொஞ்சம் வெளிய தள்ளும். ஒடம்புல உப்பு கொறஞ்சா, மேல் குழாய் பயந்துபோய் உப்பையும் தண்ணியையும் சேத்து அதிகமா இழுத்துக்கும். காது இல்லாத கடைசிக் குழாய்க்கு வந்து சேர்றதே கொறஞ்சிடும். கேக்காதவன விட்டுட்டு, கேக்கறவன்கிட்ட வேல வாங்கறோம்." பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு மாத்திரை, சாப்பாட்டில் உப்பைக் குறை, தண்ணீரை எப்போதும் தடுக்காதே. அவ்வளவுதான் வைத்தியம்.

இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரையும் வாளியில் சேர்த்து நான் அளந்தேன். மாத்திரைக்கு முன்னால் மூன்று லிட்டருக்கு மேல். பத்து நாள் கழித்து ஒன்றரை லிட்டர். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் தேர் இழுத்து வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நர்ஸ், ஆயா, சமையல்காரர் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போகிற நாள் காலையில் லேபுக்கு முன்னால் வழக்கம்போல வரிசை நின்றது. நான் தமிழரசியை அங்கே அழைத்து வந்தேன். "ரெண்டு வாரத்துக்கு முன்னால இந்தப் பொண்ண நான் இதே எடத்துல திட்டுனேன். அவ நெசம்தான் சொன்னா. நான்தான் பாக்காமலே பேசிட்டேன். என்னைய மன்னிச்சுடும்மா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என் வழக்கமான சத்தத்தில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானக்கா வூட்டுக்கு வந்தீங்க" என்றாள். அன்றிலிருந்து என் மேசையில் எந்தப் பாட்டிலும் காய்ச்சிப் பார்க்காமல் கொட்டப்பட்டதில்லை.

பையன் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி வெளியே விடவில்லை என்று முதல் வருஷம் தகராறு. மேடம் ஒரு கடிதம் கொடுத்தார். ராசேந்திரன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோடியம் பார்க்க வருவார்கள். ஜமீலா மேடம் பிறகு திருச்சிக்கே போய்விட்டார். போகும்போது அந்தப் பச்சைப் பேனாவை எனக்குக் கொடுத்தார். எனக்கு இப்போது அவரைப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து ஏழு. தினேஷுக்குப் பதினோரு வயது. அந்த வருஷம் கோடையில் ஒருநாள் குழந்தைகள் வார்டிலிருந்து சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தமிழரசி. பக்கத்தில் அவள் தங்கை தேன்மொழி, மடியில் நாற்பது நாள் ஆண் குழந்தை, காய்ச்சல். வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆன டாக்டர், சலைன் எழுதிக்கொண்டிருந்தார். தமிழரசி அந்த ஸ்டாண்டைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டு வாங்கிக்கொண்டு முந்தானையால் முகம் துடைத்துப் போன பெண்ணா இவள்!

"சார், கோச்சுக்காதீங்க. மொதல்ல சோடியம் பாருங்க. அது வர வரைக்கும் இத ஏத்த வுட மாட்டேன். எங்க தாய் வழியில ஆம்பளப் புள்ளைங்களுக்குச் சிறுநீரகத்துல அந்த ரிசெப்டர் இல்ல. தண்ணி தங்காது. என் புள்ளைக்கும் இதேதான்."

டாக்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "யாருங்க இவங்க? நர்ஸா?"

"இல்ல சார். ஆனா அவங்க சொல்றத கேளுங்க" என்றேன்.

நல்ல பிள்ளை, கேட்டார். நான் ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சோடியம் 151, சிறுநீர் 1.003. வலிப்பு வருவதற்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். நம்பரைச் சொன்னதும் டாக்டர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். திருச்சிக்கு ஜமீலா மேடத்திடம் போன் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

தேன்மொழி அழுதுகொண்டே இருந்தாள். தமிழரசி குழந்தையை வாங்கி மடியில் போட்டு, பாலாடையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் துளித்துளியாக ஊட்டினாள். அவன் சப்புக்கொட்டிக் குடித்தான்.

"எதுக்குடி அழுவற?" என்றாள் தங்கையிடம். "அம்மாவுக்கு ரெண்டு போச்சு, என்னான்னே தெரியாம போச்சு. எனக்குப் போகல. ஒனக்கும் போகாது. எவ்வளவு வேணா குடிக்கட்டும், குடிக்க வுடு."

பாலாடை காலியாயிற்று. நான் போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்தேன்.